கண்ணும் மனமும் காமிராவும்

யோகம் என்றவுடன் கண்ணை மூடி அசையாது அமர்ந்திருக்கும் ஒருவருடைய தோற்றம் நம் நினைவுக்கு வருகிறது. புகைப்படம் என்றவுடன் கண்ணை அகல விரித்துக்கொண்டு அங்குமிங்கும் விரையும் ஒருவருடைய தோற்றம் வருகிறது. ஒன்று அகத்தை நோக்குவது. மற்றொன்று புறத்தை நோக்குவது. இவ்விரண்டையும் ஒரே நுகத்தில் பூட்டலாகுமா என்று நீங்கள் வினவலாம். 'யோகம்' என்னும் வடசொல்லே பூட்டுதல், இணைத்தல் என்னும் பொருளுடைய வேரினின்று பிறந்ததுதான். ஆதலின் பூட்டிப் பார்ப்பதில் தவறில்லை.

பிரெஞ்சு நாட்டு டாகேர் என்பார் கண்ட புகைப்பட முறை 1839-ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. அந்நாளில் ஓர் உருவம் தகட்டில் பதியச் சில நிமிடங்கள் ஆகும். அதுவரை அமர்ந்திருப்பவர் தம் தலையை ஓர் இரும்புத் தாங்கியில் பொருத்திக்கொண்டு ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். படம் எடுத்துக்கொள்வதே ஓர் ஆசனமாக இருந்த காலம் அது! பின்னர்ப் படச்சுருள் வந்தது. ஒரு சுருளில் 36 படங்களே எடுக்கலாம் என்ற வரையறை, எடுப்பவரைச் சற்றே சிந்திக்க வைத்தது. இன்றோ, கைபேசியில் எண்ணிக்கையும் இல்லை, எண்ணமும் இல்லை. திருமண வீட்டில் மணமகள் கழுத்தில் நாண் ஏறும் வேளையில், வந்தவர் கைகளெல்லாம் உயர்கின்றன. வாழ்த்தும் கண்களைத் தேட வேண்டியிருக்கிறது.

இதனால் விளையும் இழப்பு கற்பனையன்று. அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்டு பல்கலைக்கழகத்து உளநூல் அறிஞர் லிண்டா ஹென்கல், தம் ஆய்வு ஒன்றை 2014-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவர் மாணவர்களை ஒரு கலைக்கூடத்திற்கு அனுப்பி, சில பொருள்களைப் பார்க்க மட்டும் சொன்னார். சிலவற்றைப் படமெடுக்கச் சொன்னார். மறுநாள் சோதித்தபோது, முழுமையாகப் படமெடுத்த பொருள்களைப் பற்றிய நினைவு குறைந்திருந்தது. காமிரா பார்த்துக்கொள்ளும் என்று மனம் தன் பொறுப்பைக் கைவிட்டது போலும்! ஆனால், ஒரு பொருளின் ஒரு பகுதியை மட்டும் அணுக்கமாக்கிப் படமெடுத்தபோது அக்குறை நேரவில்லை. குற்றம் கருவியினுடையது அன்று என்பதை இதனால் அறிகிறோம். ஒன்றைத் தேர்ந்து ஊன்றி நோக்கினால், அதே கருவி மனத்திற்குத் துணையாகிறது.

ஊன்றி நோக்கும் இப்பயிற்சிக்கு நம் முன்னோர் முறையாக வழி வகுத்துள்ளனர். பதஞ்சலி முனிவரும் நம் திருமூலரும் யோகத்திற்கு எட்டு உறுப்புகள் கூறினர். அவற்றுள் பிரத்தியாகாரம் என்பது புலன்களை அவை ஓடும் வழியினின்று மீட்டல். தாரணை என்பது மனத்தை ஓரிடத்தில் நிறுத்தல். தியானம் என்பது நிறுத்திய அம்மனம் இடையறாது ஒழுகுதல். காமிராவின் சட்டகத்தை எண்ணிப் பாருங்கள். பரந்த உலகில் ஒரு சிறு பகுதியை வைத்துக்கொண்டு மற்றவற்றையெல்லாம் அது விலக்கிவிடுகிறது. விலக்குதல் பிரத்தியாகாரத்திற்கு ஒப்பு. வைத்துக்கொள்ளுதல் தாரணைக்கு ஒப்பு.

மூச்சுக்கும் இதில் இடமுண்டு. கையில் ஏந்திய காமிரா நடுங்கினால் படம் கலங்கும். 50 மில்லிமீட்டர் வில்லையாயின், திரை ஒரு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்திற்கு மேல் திறந்திருக்கலாகாது என்பது தொழிலறிந்தோர் கைக்கொள்ளும் பொதுவிதி. கால்களை ஊன்றி, முழங்கைகளை விலாவோடு சேர்த்து, மூச்சை மெல்ல வெளியிட்டு, அது அடங்கிய கணத்தில் விசையை அழுத்தவேண்டும் என்று அவர்கள் கற்பிப்பார்கள். மூச்சு வெளியேறும்போது இதயத்துடிப்புச் சற்றுத் தணிகிறது; மனமும் தணிகிறது.

ஆன்றி கார்த்தியே-பிரெசோன் என்னும் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞரின் வாழ்வில் இவ்விணைப்பைக் காணலாம். ஜென் நெறியில் வில்வித்தை பயில்வதைப் பற்றி ஹெரிகல் எழுதிய நூலைப் பெரிதும் போற்றியவர் அவர். 1950-ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர் திருவண்ணாமலையில் தங்கி, இரமண மகரிஷியின் இறுதி நாள்களைப் படமெடுத்தார். ஏப்ரல் 14 அன்று இரவு, ஒளிமிக்க விண்கொள்ளி ஒன்று அருணாசல மலையின் பின்னே மறைவதைக் கண்டு, கடிகாரத்தைப் பார்த்தார், மணி 8.47. ஆசிரமத்திற்கு விரைந்தபோது மகரிஷி மறைந்துவிட்டதை அறிந்தார். அதே மாதத்தில் புதுச்சேரியில், நெடுங்காலம் படத்திற்கு இடங்கொடாதிருந்த ஸ்ரீ அரவிந்தரையும் அவர் படமெடுத்தார். சிறிய காமிராவையே அவர் கையாண்டார். முகத்தில் மின்விளக்கைப் பாய்ச்சுவது நாகரிகமன்று எனக் கருதினார்.

இவ்விடத்தில் யோகத்தின் முதல் உறுப்பாகிய இயமத்தை நினைவூட்ட விரும்புகிறேன். கொல்லாமை, வாய்மை, கள்ளாமை முதலியன அதில் அடங்கும். துயருற்றோர் அழுகையை அவர் இசைவின்றிப் பிடித்துக்கொண்டு போவதும் களவே. பார்த்ததையெல்லாம் சேர்த்து வைத்து மறுமுறை திறந்தும் பாராதிருப்பது, பிறர் பொருளை விரும்பாமையும் வேண்டாதன சேர்க்காமையும் ஆகிய அபரிக்கிரகத்திற்கு மாறானது. இயமம் இல்லாத ஒருமைப்பாடு வேடனுக்கும் உண்டு; கொக்குக்கும் உண்டு.

ஆசிரியனாக இருந்த பழக்கத்தால் உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். நாளைக் காலை பத்து நிமிடம் நிமிர்ந்து அமர்ந்து மூச்சைக் கவனியுங்கள். பின்னர் வீட்டிலுள்ள ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: திண்ணையில் விழும் வெயிலாகலாம், கீரை ஆயும் அன்னையின் கைகளாகலாம். அன்னையின் கைகளாயின் முதலில் அவரிடம் கேளுங்கள். ஐந்து நிமிடம் வெறுங்கண்ணால் பாருங்கள். பிறகு ஒரே ஒரு படம் எடுங்கள். ஒரு வாரம் இவ்வாறு செய்தால் ஏழு படங்களே சேரும். அந்த ஏழில் ஒன்றும் நன்றாக அமையாமற் போகலாம், அதனால் நட்டமில்லை. நாள்தோறும் கண்முன் இருந்தும் காணாதிருந்த அன்னையின் கைகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். அக்கைகள் என்றும் நம்மோடு இருப்பன அல்லவே!