புதுப்பித்த எஞ்சினும் புகையும்

பெரும்பொருள் செலவிட்டுப் புதுப்பித்த எஞ்சின் ஒரு வாரத்திற்குள் நீலப்புகை கக்கினால், மிஸ்திரியின் மீது நமக்குச் சினம் எழுவது இயல்பே. ஆயினும், உடனே எஞ்சினை மீண்டும் பிரிக்கச் சொல்லுதல் வீண்செலவாகலாம்.

நீலப்புகை எண்ணெய் எரிவதன் அடையாளம். அது எவ்வழியே புகுந்தது என்பதே கேள்வி. 2014 வரை உத்தர்பாராவில் உருவான அம்பாசிடரைத் தில்லியிலும் கல்கத்தாவிலும் இன்றும் போற்றி வைத்திருப்போர் உண்டு, அதனையே எடுத்துக்கொள்வோம். இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் கிளப்பியதும் சற்றே புகைந்து தெளிந்தால், பெரும்பாலும் வால்வுத் தண்டுகளின் வழியே எண்ணெய் கசிகிறது எனக் கொள்ளலாம். இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பின் மிதிக்கையில் புகைந்தாலும் அவ்வாறே. இதற்கு ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும்.

மேடேறும்போது இடைவிடாது புகைந்தால் பிஸ்டன் வளையங்களை ஐயுறலாம். ஆனால் புதிய வளையங்கள் சிலிண்டரில் படியச் சில நூறு கிலோமீட்டராவது ஓடவேண்டும். அதுவரை தீர்ப்புக் கூறலாகாது. வாசலில் நிறுத்தியபடியே மணிக்கணக்காக எஞ்சினை ஓடவிடும் வழக்கம் நம்மில் பலரிடம் உண்டு. கெடுதல் அதில்தான் இருக்கிறது. சிலிண்டர்ச் சுவர் பளபளப்பேறி, வளையங்கள் படியாமலே போகும். மிதமான சுமையோடு, வேகத்தை ஏற்றியும் இறக்கியும் ஓட்டுவதே நன்று.

தில்லிக் குளிரில் காணும் வெண்புகையோ பெரும்பாலும் நீராவியே. எஞ்சின் சூடேறிய பின்னும் அது நில்லாது, ரேடியேட்டர் நீரும் குறைந்துவந்தால், ஹெட் காஸ்கெட்டைப் பார்க்கச் சொல்லவேண்டும்.