மாண்டினீக்ரோ: மலையும் மழையும் வழியும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"வெளிநாட்டு ரோடு, ரயில் பற்றிப் பேசுங்க அண்ணே" என்று சிவில் தம்பிகள் கேட்டார்கள். அமெரிக்கா, ஜப்பான் எல்லாரும் பேசியாகிவிட்டது. நான் ஒரு சின்ன நாட்டை எடுத்துக்கொள்கிறேன்: மாண்டினீக்ரோ. பால்கன் பகுதியில், ஏட்ரியாடிக் கடலோரம் உள்ளது. பழைய யூகோஸ்லாவியாவில் ஒரு பகுதி; 2006-ல் தனிநாடானது. பரப்பு 14,000 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. பெயருக்கே 'கருமலை' என்றுதான் பொருள்.

அங்கே கடலோரத்தில் ஜூலை, ஆகஸ்டில் சுள்ளென்று வெயில், மழை அபூர்வம். மழையெல்லாம் குளிர்காலத்தில்தான். 'யூகோ' என்கிற தென்கிழக்குக் காற்று கடல் ஈரத்தைச் சுமந்து வந்து, கரையை ஒட்டியே நிற்கும் ஓர்யென் மலையில் முட்டி மேலே ஏறும். ஏறினால் குளிரும், குளிர்ந்தால் கொட்டும். அந்த மலையில் சர்க்வித்சே என்ற ஊரில் ஆண்டுச் சராசரி மழை சுமார் 4,600 மில்லிமீட்டர். ஐரோப்பாவிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. ஆனால் வேடிக்கை பாருங்க, அவ்வளவு பெய்தும் மேலே தண்ணீர் தங்காது. எல்லாம் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் வெடிப்பு வழியே உள்ளே இறங்கி, கீழே கோட்டோர் விரிகுடா ஓரத்தில் ஊற்றாகப் பீறிடும்.

உள்நாட்டுக்குப் போனால் கதையே வேறு. ஷாப்லியாக் என்ற ஊர் 1,450 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏப்ரலில் கடற்கரையில் சட்டையோடு நடக்கலாம். அதே நாளில் அங்கே பனி கிடக்கலாம். பக்கத்தில் 1,907 மீட்டர் உயரத்திலுள்ள செட்லோ கணவாய் குளிர்காலம் முழுக்க மூடிக்கிடக்கும். நவம்பர் நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை மலைச் சாலைகளில் பனிக்கால டயர் சட்டப்படி கட்டாயம். போக நினைப்பவர்களுக்கு ஜூனும் செப்டம்பரும் நல்ல மாதங்கள். எப்போது போனாலும் கிலோமீட்டரை வைத்து நேரம் கணக்குப் போடாதீங்க.

இந்த மலையைக் குடைந்துதான் 1976-ல் பெல்கிரேடு-பார் ரயில்பாதை திறந்தார்கள். 476 கிலோமீட்டர், 254 சுரங்கங்கள். மாலா ரியேக்கா பாலம் மட்டும் 198 மீட்டர் உயரம். கோலாசின் அருகே 1,032 மீட்டருக்கு ஏறும் பாதை, தலைநகர் போட்கோரிட்சாவுக்கு வருவதற்குள் ஏறக்குறைய 1,000 மீட்டர் இறங்கியாக வேண்டும். சரிவு சில இடங்களில் ஆயிரத்துக்கு 25.

இங்கேதான் உங்கள் கவனம் வேண்டும். 2006 ஜனவரி 23-ல் அந்த இறக்கத்தில் ஒரு ரயிலுக்குப் பிரேக் பிடிக்கவில்லை. பியோச்சே என்ற இடத்தில் தடம் புரண்டு பள்ளத்தில் விழுந்தது. 40 பேருக்கு மேல் இறந்தார்கள். பனிச்சறுக்கு முடித்து வீடு திரும்பிய பிள்ளைகள் பலர் அதில் இருந்தார்கள். பாலம் நின்றது, சுரங்கம் நின்றது, பிரேக் நிற்கவில்லை.

2012 பிப்ரவரியில் வேறு மாதிரி. தலைநகரிலேயே அரை மீட்டர் பனி. அரசு நெருக்கடி நிலை அறிவித்தது. கோலாசின் அருகே பனிச்சரிவில் சுமார் 50 பயணிகளோடு ஒரு ரயில் நாள்கணக்கில் சிக்கியது. ஹெலிகாப்டர் வைத்து மீட்டார்கள்.

2022 ஜூலையில் சீன வங்கிக் கடனில் கட்டிய 41 கிலோமீட்டர் நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. பாதிக்கு மேல் சுரங்கமும் பாலமும்தான். மொராச்சா பள்ளத்தாக்கின் ஒடுங்கிய வளைவுகளைத் தவிர்த்துப் போகலாம். நல்ல விஷயம். ஆனால் பனியும் மழையும் அதே பனியும் மழையும்தான்.

தம்பி தங்கைகளே, நம் பாடத்திட்டத்தில் கட்டுவதற்குத்தான் மார்க் அதிகம். பாலத்துக்கு ரிப்பன் வெட்ட மந்திரி வருவார்; பிரேக் கட்டையைச் சோதிக்கிறவனை யாரும் போட்டோ எடுக்கமாட்டார்கள். "இன்றைக்கு இந்த வழி வேண்டாம், மூடு" என்று சொல்கிற இன்ஜினியர் மீது எல்லாருக்கும் கோபம் வரும். ஆனால் அந்தக் கையெழுத்தையும் நாம்தான் போட வேண்டும். நாளை அப்படி ஒரு நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்தால், பியோச்சேயை நினைத்துக்கொள்ளுங்கள்.