சிவந்த முடியும் சிவக்கும் தோலும்



ஆம்பூர், வாணியம்பாடிக் கடைத்தெருக்களில் மருதாணி இட்டுத் தாடியைச் செம்மையாக்கிக்கொண்ட முதியவர்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். வெள்ளை வெளேரென நரைத்த தாடி மருதாணி பட்டதும் செம்பொன் நிறம் கொள்கிறது. அந்நிறம் மழையில் கரைவதில்லை. தொழுகைக்காக நாள்தோறும் ஐந்து முறை முகம் கழுவினும் எளிதில் அகல்வதில்லை. அடியில் புதிய வெண்மயிர் முளைத்து வரும்போதுதான் மீண்டும் மருதாணியின் தேவை உண்டாகிறது. அதே தெருவில் கல்லூரி மாணவர் ஒருவர் நெற்றிக் கற்றைக்கு மட்டும் கடைச்சாயம் இட்டுக்கொண்டு போகிறார். முதல் வாரம் செம்பருத்தி. மூன்றாம் வாரம் செங்கல். அடுத்த மாதம் வைக்கோல்! செலவிட்ட பணம் குளியலறைக் கால்வாய் வழியே போய்விடுகிறது.

ஒரே செம்மைதானே, ஒன்று நிற்பதும் மற்றொன்று ஓடுவதும் ஏன்? இதுவே இன்றைய பேச்சின் பொருள். தலைக்குச் சாயமிடுவது தகுமா, தகாதா என்ற வழக்குக்குள் நான் புகப் போவதில்லை. அதனை உங்கள் வீட்டுப் பெரியவர்களோடு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

தலைமயிர் ஒன்றை நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். நாட்டு ஓடு வேய்ந்த கூரையைப் போல, ஒன்றன்மேல் ஒன்றாகச் செதில்கள் அடுக்கப்பட்டிருக்கும். அக்கூரையின் உள்ளே கெராட்டின் என்னும் புரதம் நார் நாராக முறுக்கிக் கிடக்கிறது. நம் முடிக்குக் கருமை தரும் மெலனின் துகள்கள் அந்த நார்களுக்கிடையே உள்ளன. சாயம் நிலைக்க வேண்டுமாயின் கூரையைக் கடந்து உள்ளே செல்லவும் வேண்டும். சென்றபின் தங்கவும் வேண்டும்.

மருதாணி இலையில் லாசோன் என்ற பொருள் உண்டு. லாசோனியா என்பது அச்செடியின் தாவரவியற் பெயர். அதிலிருந்தே இப்பெயர் வந்தது. இலையை அரைத்து எலுமிச்சைச் சாறோ புளிநீரோ சேர்த்துத் தலையில் பூசினால், லாசோன் மெல்ல வெளிப்பட்டு, கெராட்டினோடு இரசாயனப் பிணைப்புக் கொள்கிறது. முடியின் ஓர் உறுப்பாகவே அது ஆகிவிடுகிறது எனலாம். முதல் நாள் ஆரஞ்சுச் சுளை போலத் தோன்றும் நிறம், காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து இரண்டு நாளில் ஆழ்ந்த செம்மையாகிறது. ஆதலால் மருதாணி இட்ட அன்றே சவர்க்காரமிட்டுத் தேய்ப்பது அறியாமை. ஆனால் ஒன்று: மருதாணி முடியை வெளுக்கச் செய்யாது. நரைமயிரில் அது பளிச்சென்று தெரியும்; கருங்கூந்தலில் வெயில் படும்போது ஒரு செந்நிழல் மட்டுமே தோன்றும். இளைஞர்கள் மருதாணியை விட்டுக் கடைச்சாயத்தை நாடுவதற்குக் காரணம் இதுவே.

கடைச்சாயத்தின் வழி வேறு. 1909-இல் யூஜின் ஷூலர் என்ற பிரெஞ்சு இரசாயன அறிஞர் தாம் கண்டறிந்த கூந்தல் சாயத்தை விற்க ஒரு நிறுவனம் தொடங்கினார். லோரியால் என்ற பெயரில் இன்று உலகெங்கும் அறியப்படுவது அதுதான். அவ்வகைச் சாயத்தில் அமோனியா போன்ற காரப்பொருள் செதில்களைத் தூக்கி வழி திறக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ளே புகுந்து மெலனினை வெளுக்கிறது. நிறமில்லாத சிறு மூலக்கூறுகள் அவ்வழியே நுழைந்து, உள்ளே ஒன்றோடொன்று கூடிப் பெரிய நிற மூலக்கூறுகளாகின்றன. குஞ்சாகக் கூட்டினுள் புகுந்த குருவி, உள்ளே பெருத்துப்போய் வாயில் வழியே வெளிவர மாட்டாமல் நிற்பதைப் போன்றது இது. கவனியுங்கள்: குருவி அடைபட்டிருக்கிறதே அன்றிக் கட்டப்பட்டிருக்கவில்லை. வாயில் அகன்றால் பறந்துவிடும். இன்னும் சில சாயங்கள் இந்த அளவுகூட உட்புகாமல் செதில்களின் ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அவை சில குளியல்களில் போய்விடும்.

கருங்கூந்தல் செக்கச்செவேலென்று ஆக வேண்டுமாயின், முதலில் அதனை நன்றாக வெளுக்க வேண்டும். வெளுத்த முடி தன் மேற்புறத்து எண்ணெய்ப்படலத்தை இழந்து, நீரை உறிஞ்சும் பஞ்சு போலாகிவிடுகிறது. வாயில் அகன்றுவிட்டது! சாயம் சிறிது கசிந்தாலும் அடியிலுள்ள மஞ்சள் எட்டிப் பார்க்கிறது.

வாயிலை அகற்றுவது எது என்பதை அறிய எங்கள் பகுதித் தோல் பதனிடும் தொழிலைப் பார்த்தாலே போதும். நான் வாழும் கணியம்பாடியும் அத்தொழில் நடக்கும் பாலாற்றுப் பகுதியைச் சேர்ந்ததே. பச்சைத் தோலிலிருந்து மயிரை நீக்க அங்கே என்ன செய்கிறார்கள்? சுண்ணாம்புக் குழியில் ஊற வைக்கிறார்கள். சோடியம் சல்பைடும் சேர்ப்பதுண்டு. காரம் ஏறியதும் மயிர் ஊதி, இளகி, மழுங்கிய கத்தியால் வழித்தாலே வந்துவிடுகிறது. மயிருக்குக் காரமே பகை என்பதை எழுத்தறியாத தொழிலாளியும் அறிவார். நாமோ சாயமிட்ட தலைக்கு உடம்புச் சோப்பைத் தேய்க்கிறோம். சோப்பும் காரமே, சுண்ணாம்பைவிட மிக மெலிந்த காரம், அவ்வளவுதான். எங்கள் ஊர்ப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுக் கடின நீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து, வெண்பசையாக முடியில் படிகிறது. நிறம் இருந்தும் ஒளி இல்லாமற் போகிறது.

ஆகவே சாயமிட்ட முடிக்குச் சற்றே அமிலத்தன்மையுள்ள சீயக்காயோ காரமற்ற ஷாம்புவோ ஏற்றது. அதைவிடப் பெரிய செய்தி ஒன்றுண்டு. சாயத்தை இழுத்துச் செல்வதில் ஷாம்புவைவிடத் தண்ணீருக்கே பங்கு மிகுதி. ஊறிய முடி பருக்கிறது. சாயம் நீரில் இறங்குகிறது. வெந்நீராயின் இன்னும் விரைவாக இறங்குகிறது. நாள்தோறும் தலைக்குக் குளிப்பவர் எத்தனை விலையுயர்ந்த புட்டி வாங்கினாலும் பயனில்லை. வாரம் இருமுறை, தண்ணீரில், விரைவாக என்பதே முறை. குளிக்குமுன் தேங்காயெண்ணெய் தடவும் பாட்டிமாரின் வழக்கம் இங்கே கைகொடுக்கிறது. தேங்காயெண்ணெய் முடியினுள்ளும் புகவல்லது. நீர் உட்புகுவதைக் குறைக்கிறது. கழுவிய சாயம் எங்கே போகிறது என்றும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றைக் கெடுத்தது குறித்து 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்த மாவட்டத்தில் வாழும் நாம் அதனை எண்ணாமலிருக்க முடியாது.

இனி வெயில். சாயத்தின் இரண்டாம் பகை அதுவே. இதற்கும் தோலையே சான்றாகக் காட்டுவேன்; ஆனால் தலைகீழாக.

எங்கள் பக்கத்து வறண்ட நிலங்களில் ஆவாரை மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். அதன் பட்டையைக் கொண்டு பதனிட்ட தோல்தான் ஒரு காலத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குச் சென்றது. இன்று எங்கள் பகுதித் தோலில் பெரும்பகுதி குரோமிய உப்பால் பதனிடப்படுகிறது, ஆவாரம்பட்டை பின்தங்கிவிட்டது. ஆவாரையால் பதனிட்ட தோல் முதலில் இளமஞ்சளாக அழகாயிருக்கும். வெயிலில் கிடந்தாலோ யாரும் சாயமிடாமலே சிவக்கத் தொடங்கும்! பட்டையிலுள்ள துவர்ப்பொருள் ஒளியாலும் காற்றாலும் மாறுவதே காரணம். தலையில் வேண்டிய சிவப்பு வெயிலால் போகிறது. தோலில் வேண்டாத சிவப்பு வெயிலால் வருகிறது. இரண்டு இடத்திலும் வினை செய்வது ஒரே கதிரவன்.

இச்சிவப்பு அழகுக் குறை மட்டுமன்று. நூலகங்களின் தோல் அட்டைகள் பொடிப்பொடியாக உதிர்வதைக் கண்டு லண்டன் கலைச் சங்கம் ஒரு குழு அமைத்தது. 1901-இல் வெளிவந்த அதன் அறிக்கை, ஆவாரை போன்ற பட்டைகளால் பதனிட்ட இந்தியத் தோல் புத்தகக் கட்டுக்குத் தகாது என்று தள்ளியது. நம் நாட்டுத் தோல் இவ்வாறு பழிக்கப்பட்டதைப் படிக்கையில் வருத்தமே உண்டாகிறது. ஆயினும் சோதித்துச் சொன்னதை மறுப்பதற்கில்லை. சிவப்பதைத் தடுக்க நம்மவரும் ஒரு வழி கண்டிருந்தார்கள். ஆவாரையில் பதனிட்ட பின் கடுக்காய் நீரில் தோலைத் தோய்த்தெடுத்தார்கள். சவ்வாது மலைக் காடுகளில் கிடைக்கும் அதே கடுக்காய்தான். அதன் துவர் வேறு இனம். ஒளிக்கு எளிதில் சிவக்காது. தோல் வெளிறிய நிறத்தோடு நின்றது.

தலைக்கு அத்தகைய கடுக்காய் இல்லை. குடையும் முக்காடும் தொப்பியும்தான் உண்டு. சாயமிட்ட முடியோடு நண்பகலில் மட்டைப்பந்து ஆடுபவர் நிறம் போயிற்றென்று சாயக் கடைக்காரரை நோவது முறையன்று.

எச்சரிக்கை ஒன்று சொல்லாமல் விடமுடியாது. மருதாணி கறுப்பு நிறம் தராது. ‘கறுப்பு மருதாணி’ என்றும், சிறிது நேரத்திலேயே நிறம் ஏறும் என்றும் விற்கப்படும் பொடியிலும் கூம்பிலும் பாரா-பினைலின்-டை-அமின் கலந்திருக்கக்கூடும். கடைச்சாயங்கள் பலவற்றிலும் இப்பொருள் உண்டு. இதனை ஏற்காத உடம்பினருக்குக் கொப்புளமும் முகவீக்கமும் உண்டாகும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் தொடரும். எனவே எந்தச் சாயமாயினும் காதின் பின்புறத்தில் சிறிது தடவி, இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த பின்னரே தலைக்குச் செல்ல வேண்டும். தோழர் வீட்டுத் திருமணம் நாளை என்பது இதற்கு விலக்காகாது.

நான் சொன்னவற்றை நீங்கள் அப்படியே நம்ப வேண்டியதில்லை. வெள்ளாட்டு உரோமமோ நல்ல கம்பளி நூலோ சிறிது கொண்டுவாருங்கள். வெள்ளைப் பருத்தி நூலும் வேண்டும். இரண்டையும் மருதாணிக் குழம்பில் ஓரிரவு ஊற வைத்து, அலசி, இரண்டு நாள் நிழலில் உலர்த்துங்கள். பருத்தி ஏன் கம்பளியளவு சிவக்கவில்லை என்பதை நீங்களே ஊகிக்கலாம். அதில் கெராட்டின் இல்லை. பிறகு கம்பளியை நான்கு துண்டாக்குங்கள். ஒன்றைச் சலவைச் சோடா கலந்த வெந்நீரிலும், மற்றொன்றை வெறுந்தண்ணீரிலும் நாள்தோறும் அலசுங்கள். மூன்றாவதைப் பாதி கறுப்புக் காகிதத்தால் மூடி மாடியில் வெயிலில் வையுங்கள். நான்காவது தடித்த புத்தகத்தினுள் இருக்கட்டும். மூன்று வாரம் கழித்து நான்கையும் ஒரு வெள்ளைத்தாளில் ஒட்டித் தேதி எழுதுங்கள். சோதனையை மே மாதத்தில் வைத்துக்கொண்டால் நல்லது. வேலூரில் அப்போது வெயிலுக்குப் பஞ்சமில்லை.