கனிவும் பயிற்சியால் வளரும்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், பள்ளிக் கட்டடம் ஆகியவை பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். இன்று செவிலியர் பயிற்சி பற்றிச் சில கூற விரும்புகிறோம். இது நகரத்துக் கல்லூரிகளின் காரியம், நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று எவரும் எண்ண வேண்டாம். சமவெளிப் பகுதியில் சுமார் 5,000 மக்களுக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசாங்கத்தின் அளவுகோல். அங்கே நம் பெண்கள் முதலில் காண்பது செவிலியரின் முகத்தையே. அம்முகம் சுளித்தால், ஒரு கடுஞ்சொல் பிறந்தால், அடுத்த முறை அங்கே செல்லத் தயங்குவர். பிரசவத்திற்குப் பின் இரத்தப்போக்கு மிகுந்து, தக்க சிகிச்சையும் கிடைக்காவிடில், இரண்டு மணி நேரத்திற்குள் உயிர் பிரியக்கூடும். அவ்வேளையில் தயக்கமே பெரும் ஆபத்தாகிவிடும்.

கனிவு பிறவிக் குணம், அதைக் கற்பிக்க இயலாது என்று சிலர் கூறுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. நாற்றங்காலில் தேறிய நாற்றையே வயலில் நடுகிறோம். நோயாளியைத் தொடுமுன் மாணவ மாணவியர் பழகித் தேறவும் ஒரு நாற்றங்கால் வேண்டும். அதுவே பாவனைப் பயிற்சி.

இம்முறை புதிதன்று. அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரிலுள்ள செவிலியர் பள்ளிக்கு, 1911-ஆம் ஆண்டிலேயே ஆளுயரப் பொம்மை ஒன்று செய்து தரப்பட்டது. அதைச் செய்த மார்த்தா சேஸ் அம்மையாரின் பெயரால் 'திருமதி சேஸ்' என்று அதனை அழைத்தனர். படுக்கையிலிருப்பவரைத் திருப்பவும் உடுத்தவும் மாணவியர் அதில் பழகினர். எனினும், பொம்மைக்கு வலியும் இல்லை, வெட்கமும் இல்லை. 1963-இல் ஹோவர்ட் பாரோஸ் என்னும் மருத்துவர், நலமுள்ள ஒருவரையே நோயாளியாக நடிக்கப் பழக்கினார். மாணவர் தம்மை எவ்வாறு நடத்தினர் என்பதை நடித்தவரே எடுத்துரைக்க இதனால் வழி பிறந்தது.

இன்று இவ்விரு முறைகளும் இணைந்துள்ளன. 'மாமா நேட்டலி' என்ற கருவியைப் பயிற்றுநர் தம் வயிற்றின்மேல் கட்டிக்கொண்டு பிரசவிக்கும் தாயாக நடிக்கிறார். அதிலிருந்து பொம்மைக் குழந்தை பிறக்கும். இரத்தம் போன்ற திரவமும் பெருகும். மாணவி கைவேலையை மட்டும் செய்தால் போதாது. "அம்மா, இப்போது இதைச் செய்யப் போகிறேன்" என்று சொல்லி, அச்சம் தீர்த்து, மறைப்புத் துணியைச் சரிசெய்ய வேண்டும். பின்னர் அனைவரும் அமர்ந்து ஆராய்கின்றனர். "நீ என் முகத்தைப் பார்க்கவே இல்லையே" என்று தாயாக நடித்தவர் கூறும்போது, அச்சொல் மனத்தில் பதிகிறது. பயிற்சியின் உயிர்நாடி இந்த உரையாடலே.

முதியோரின் நிலையை உணர்த்தும் உடையும் உண்டு. கனமான பட்டைகளும் மங்கலான கண்ணாடியும் அணிந்து, காதை அடைத்துக்கொண்டு பத்தடி நடந்தவர், மெதுவாக நடக்கும் பாட்டியை அதட்டுமுன் சற்றே யோசிப்பார்.

2021-இல் அறிவிக்கப்பட்ட இந்திய நர்சிங் கவுன்சிலின் பி.எஸ்சி. பாடத்திட்டத்தில் பாவனைப் பயிற்சி இடம்பெற்றுள்ளது. ஆயினும், விலையுயர்ந்த கருவி மட்டும் கனிவைத் தந்துவிடாது. தக்க ஆசிரியரும், உண்மை கூறும் மக்களும் வேண்டும். நம் கடமை இங்கேதான் தொடங்குகிறது.

செவிலிய மாணவர் களப்பயிற்சிக்காக நம் ஊருக்கு வரும்போது அவர்களை அன்புடன் வரவேற்போம். எந்தச் சொல் நோகச் செய்தது, எது தைரியம் அளித்தது என்பதை நம் தாய்மார்கள் அவர்களிடம் மனந்திறந்து கூறட்டும். கல்லூரியார் அழைத்தால், நோயாளியாக நடிக்கவும் சிலர் முன்வரலாம். செவிலியருக்குத் தண்ணீர், விளக்கு, பாதுகாப்பு ஆகிய வசதிகள் குறையாதவாறு ஊராட்சி கவனித்துக்கொள்ள வேண்டும். களைத்துச் சோர்ந்தவரிடம் கனிவை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

நல்ல விதையும் நல்ல நிலமும் சேர்ந்தே விளைச்சல் தரும். கல்லூரி பயிற்றுவிக்கட்டும், ஊர் துணை நிற்கட்டும். நம் துணை சுகாதார நிலையத்திற்கு எந்தத் தாயும் அச்சமின்றி வரும் நிலையை உண்டாக்குவோமாக.