சாலையோரத்துப் புள்ளிமான்

மைசூரில் வாழும் நம்மவர் உதகை செல்லும் வழியில் பந்திப்பூர்க் காட்டைக் கடக்கின்றனர். 2009 முதல் அங்கே இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை, சில வண்டிகள் நீங்கலாக, போக்குவரத்துக்குத் தடை உண்டு. எனினும், பகலிலும் வண்டியில் அடிபட்டு முதுகெலும்பு முறிந்த புள்ளிமானைக் காண நேரலாம்.

அதன் துயரை முடித்துவிட எண்ணுவது இரக்கமே. ஆனால் அம்முடிவு நம்முடையதன்று. பிழைக்க இயலாத விலங்கைக் கொல்ல அனுமதிக்கும் அதிகாரத்தை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வனத்துறையின் உரிய அதிகாரிக்கே அளித்துள்ளது. நீர் புகட்டுவதும் தூக்கிச் செல்வதும் தீங்கே. மனிதர் நெருங்கும் அச்சமே மானின் உயிரைப் போக்கக்கூடும். ஆகவே, வண்டியைவிட்டு இறங்காமல், இடத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்த வனச்சாவடியில் உடனே தெரிவியுங்கள்.

விலகிச் செல்வது கைவிடுவதாகாது. சொல்லாமல் செல்வதே கைவிடுவதாகும்.