கணையப் புற்றுநோய்: மூன்று சிகிச்சைகள் சேரும்போது



செந்தூலில் ஒருவருக்குக் கணையப் புற்றுநோய் முற்றிவிட்டது என்று தெரிந்தால், வீட்டார் என் கிளினிக்கில் வந்து கேட்பது ஒன்றுதான்: “டாக்டர், இம்யூனோதெரபி, கீமோ, கதிர்ச்சிகிச்சை மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் குணமாகுமாமே? வீட்டை விற்றுவிடலாமா?”

கணையம் இரைப்பைக்குப் பின்னால் மறைந்திருக்கும் உறுப்பு. அங்கே வந்த நோய் வெளியே தெரிவதற்குள் பெரும்பாலும் முற்றிவிடுகிறது. கட்டியைச் சுற்றித் தடித்த நார்த்திசு வேலிபோல் வளர்கிறது. மருந்தும் எளிதில் நுழையாது. நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களும் நுழையா. அந்த வெள்ளணுக்களுக்கு நோய் போடும் பூட்டைத் திறப்பதே இம்யூனோதெரபி. அதற்கு வழிகாட்டிய ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹோஞ்சோ இருவரும் 2018இல் நோபல் பரிசு பெற்றார்கள். தோல், நுரையீரல் புற்றுநோய்களில் பலருக்கு ஆயுளைக் கூட்டிய மருந்துகள் இவை. கணையத்தில் தனியாகக் கொடுத்தால் பெரும்பாலும் பலனில்லை. ஆளே வராத இடத்தில் பூட்டைத் திறந்து என்ன பயன்?

அதனால்தான் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கிறார்கள். கதிர் பட்டுச் சிதறும் செல்கள் வெள்ளணுக்களுக்கு எதிரியை அடையாளம் காட்டும், கீமோ கட்டியைக் குறைக்கும் என்பது எண்ணம். கனடாவில் 180 நோயாளிகளை வைத்து, கீமோவுடன் இரண்டு இம்யூனோ மருந்துகளைச் சேர்த்துச் சோதித்தார்கள். கீமோ மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 8.8 மாதம், சேர்த்துப் பெற்றவர்களுக்கு 9.8. இது தற்செயலாகவும் இருக்கலாம் என்பதால் வெற்றி என்று சொல்லவில்லை. டென்மார்க்கில் 84 பேருக்குக் கதிர்ச்சிகிச்சையுடன் நிவோலுமாப் கொடுத்து, ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இபிலிமுமாப்பும் சேர்த்தார்கள். 2022இல் வெளியான முடிவின்படி, இரு மருந்தும் பெற்றவர்களில் நூற்றுக்கு 37 பேருக்கு நோய் சுருங்கியது அல்லது வளராமல் நின்றது. ஒன்று மட்டும் பெற்றவர்களில் 17 பேருக்கு. நம்பிக்கை உண்டு; ஆனால் கதிரின் பங்கு எவ்வளவு என்பதை அந்த ஆய்வு காட்டவில்லை.

எனவே, வீட்டை விற்காதீர்கள். முற்றிய நோய்க்கு இன்றும் முதல் சிகிச்சை கீமோதான். 2011இல் வெளியான ஆய்வில் ஃபோல்ஃபிரினாக்ஸ் என்ற கூட்டு மருந்து இடைநிலை ஆயுளை 6.8 மாதத்திலிருந்து 11.1 ஆக்கியது. உடம்பு தாங்குமா என்று பார்த்துத்தான் கொடுப்பார்கள். சதை எடுத்துச் சோதித்தபோது எம்.எஸ்.ஐ. சோதனையும் செய்தாயிற்றா என்று கேளுங்கள். நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவருக்கே அது சாதகமாக வரும். அவருக்கு இம்யூனோதெரபி தனியாகவே வேலை செய்யக்கூடும். சேர்க்கைச் சிகிச்சைதான் வேண்டுமென்றால், புத்ராஜெயா தேசியப் புற்றுநோய்க் கழகம் போன்ற இடங்களில் உள்ள நிபுணரிடம், அனுமதி பெற்ற ஆய்வு ஏதும் நடக்கிறதா என்று விசாரியுங்கள். ஆய்வு என்று சொல்லிப் பெருந்தொகை கேட்டால், எழுந்து வந்துவிடுங்கள்.

ஐம்பது வயதுக்கு மேல் திடீரென இனிப்புநீர் வந்து உடம்பும் இளைத்தால், மாத்திரையோடு நிறுத்திவிடாமல் வயிற்றையும் ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.