எளிய பரிசும் இனிய நூலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

     

யாம் புலவரும் அல்லேம், நாவலரும் அல்லேம். பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராய் அமர்ந்து, பட்டியலும் பதிவேடும் எழுதியே நாற்பது வயதைக் கடந்தோம். அத்தகைய எம்மை மேடையேற்றிய நம் சங்கச் செயலாளர், "பரிசளிப்புத் தொடங்குமுன் பரிசைப் பற்றியே சில சொற்கள் பேசுக" என்று பணித்தார். தமிழின் தொன்மையைப் பற்றிப் பேசச் சொல்லியிருந்தால் அஞ்சியிருப்போம். பரிசைப் பற்றிப் பேச எமக்கு அச்சமில்லை. பரிசு கொடுத்துக் கடன்பட்டவர்கள் யாம். அந்தப் பட்டறிவு ஒன்றே எம் தகுதி.

நம் காலனியின் வாழ்வை நீங்கள் அறிவீர்கள். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அன்று முதல் நம் மக்களில் ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் எழுந்து, மாரிக்குப்பத்திலும் சாம்பியனிலும் உரிகத்திலும் கோரமண்டலிலும் வண்டியேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர், இரவில் திரும்புகின்றனர். அவ்வாறு ஈட்டும் பொருளில் வாடகை போக, பள்ளிக் கட்டணம் போக, மருந்து போக எஞ்சுவது எவ்வளவு? அந்த எச்சத்தின் மீதுதான் தை பிறந்ததும் திருமண அழைப்பிதழ்கள் வந்து விழுகின்றன. மஞ்சள் நீராட்டு, காதணி விழா, புதுமனை புகுவிழா, பிறந்த நாள் என்று வரிசை நீள்கிறது. வெறுங்கையோடு செல்ல மனம் ஒப்புவதில்லை. கைநிறையக் கொண்டு செல்லப் பணம் ஒப்புவதில்லை. இந்த இரண்டுக்கும் இடையே நின்று தவிக்காத குடும்பத் தலைவர் இந்த அவையில் எத்தனை பேர்?

எம் கதையையே சொல்லுகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன் எம் தமக்கையார் மகளின் திருமணத்திற்கு ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கினோம். மணிக்கொருமுறை இசை பாடும். வண்ண விளக்கு சுழலும். பொம்மைக் குருவி ஒன்று கதவைத் திறந்து தலை நீட்டும். விலை 1,800 ரூபாய். மாதக் கடைசியாதலால், இல்லத்தரசியாரின் தோடு அடகுக் கடைக்குச் சென்றது. மண்டபத்தில் எல்லோரும் வியந்தனர். எமக்கும் பெருமிதமாய் இருந்தது. நான்கு மாதங்களில் குருவி வாயடைத்தது; விளக்கு அணைந்தது. பழுது பார்ப்பவர் பெட்டியைத் திறந்து பார்த்து, "உள்ளே பழுது பார்க்க ஒன்றும் இல்லை, ஐயா" என்று மூடிக் கொடுத்தார். தோட்டை மீட்கவோ எமக்குப் பதினோரு மாதங்கள் ஆயின. கடிகாரம் நின்ற பின்னும் அதன் வட்டி ஓடிக்கொண்டே இருந்தது!

ஆகவே, புதுமைக் கருவிகளே வேண்டா என்று கூற வந்தோமா? இல்லை. தங்கவயலில் பிறந்தவர்கள் கருவிகளை வெறுக்க இயலுமா? 1902ஆம் ஆண்டிலேயே காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து 90 மைலுக்கு மேல் கம்பி கட்டி மின்சாரம் கொண்டுவந்தது இந்தச் சுரங்கங்களுக்காக அன்றோ? 1965ஆம் ஆண்டில், நியூட்ரினோ என்னும் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள், காற்று மண்டலத்தில் பிறந்து பூமியைத் துளைத்து வருவதை அறிவியலார் கண்டறிந்ததும், சாம்பியன் சுரங்கத்தில் 2 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில்தானே? உலகம் வியந்த கருவிகள் நம் காலடியில் இயங்கின. எனவே, கருவி வாங்குவோம். ஆனால் ஆராய்ந்து வாங்குவோம்.

வாங்குமுன் மூன்று வினாக்களை எழுப்புதல் நலம். இது கெட்டால் சரி செய்ய இயலுமா? இதன் வேலை வெறும் வேடிக்கையா, அன்றிப் பயனா? இது கைக்கும் கண்ணுக்கும் வேலை தருகிறதா, அன்றி அவற்றை உறங்க வைக்கிறதா? எம் குருவிக் கடிகாரம் இம்மூன்றிலும் தோற்றிருக்கும்.

தேறக் கூடியவை எவை? சிறுவனுக்கு ஓர் உருப்பெருக்குக் கண்ணாடி கொடுங்கள். சில பத்து ரூபாய்தான். எறும்பின் காலையும், உப்பின் பட்டையையும், தன் விரல் ரேகையையும் அவன் ஒரு திங்கள் முழுதும் ஆராய்வான். இன்னும் சற்றுச் செலவிட இயலுமாயின், காகித நுண்ணோக்கி என்று ஒன்று உண்டு. இந்தியாவில் பிறந்து அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் மனு பிரகாஷ் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் 2014ஆம் ஆண்டில் அதனை உலகுக்கு அறிவித்தனர். தாளை மடித்துச் சிறு வில்லையைப் பொருத்தினால் நுண்ணோக்கி ஆகிவிடுகிறது. பொருளை நூறு மடங்குக்கு மேல் பெரிதாக்கிக் காட்டும். சட்டைப் பையில் அடங்கும்.

அதற்கும் வசதியில்லையா? கவலை வேண்டா. அரவிந்த் குப்தா என்பார் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பொறியியல் கற்றவர். உயர்ந்த பதவிகளை நாடாமல், தீக்குச்சியையும் மிதிவண்டி வால்வுக் குழாயின் துண்டுகளையும் இணைத்து முக்கோணம், சதுரம், கூடு, வீடு என்று கணக்குப் பாடத்தையே விளையாட்டாக்கினார். குப்பையில் எறிவனவற்றைக் கொண்டு பொம்மை செய்யும் வகையை நூல்களாய் எழுதி, எவரும் விலையின்றிப் படிக்க இணையத்தில் வைத்தார். 2018ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. நம் காலனியில் மிதிவண்டிக் கடை இல்லையா? தீப்பெட்டி இல்லாத அடுக்களைதான் உண்டா?

முதியோருக்கு ஊசியில் நூல் கோக்க உதவும் சிறு கருவி, எழுத்தைப் பெரிதாக்கும் கண்ணாடி, மின்சாரம் போனால் தானே எரியும் விளக்கு. கைக்குழந்தைக்குச் சென்னபட்டணத்து மரப் பொம்மை. இரயிலில் மைசூர் செல்வோர் அந்த ஊரைக் கடந்தே செல்கின்றனர். அரக்குப் பூசிக் கடைந்த அந்தப் பொம்மைக்கு மின்கலம் வேண்டா. அது கீழே விழுந்தாலும் எளிதில் உடையாது. அண்ணன் ஆடியதைத் தம்பியும் ஆடலாம்.

இனி நூல்களுக்கு வருவோம். கருவி கைக்கு வேலை தரும். நல்லோர் வாழ்க்கை வரலாறு நெஞ்சுக்கு உரம் தரும். அதிலும் ஒருவர் தம் கதையைத் தாமே எழுதிய நூலுக்குத் தனி ஆற்றல் உண்டு. டாக்டர் அப்துல் கலாம் அவர்களின் 'அக்னிச் சிறகுகள்' நூலை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராமேசுவரம் நிலையத்தில் வண்டி நிற்பது நிறுத்தப்பட்டது. ஓடும் வண்டியிலிருந்து செய்தித்தாள் கட்டுகள் வீசப்பட்டன. அவற்றை எடுத்துச் சேர்க்கத் தம் உறவினருக்குத் துணைநின்று, தம் முதற்கூலியைப் பெற்ற சிறுவன்தான் பின்னாளில் இந்நாட்டின் குடியரசுத் தலைவர் ஆனார். இரயிலோடு பிழைக்கும் நம் பிள்ளைகளுக்கு இதனினும் நெருங்கிய கதை வேறு எது?

தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையர் தம் 'என் சரித்திர'த்தை 1940ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் எழுதி வந்தார். 1942இல் அவர் மறைந்தபோது அது முற்றுப்பெறவில்லை. முற்றுப்பெறாத அந்நூலே 1950இல் வெளிவந்து, ஓர் ஏழை மாணவன் கல்விக்காக எத்தனை ஊர் நடந்தான் என்பதை இன்றும் சொல்லுகிறது. தொழிலாளர் இயக்கத்தின் தொடக்க நாள்களை அறிய விரும்புவோர்க்குத் திரு.வி.க. 1944இல் வெளியிட்ட 'வாழ்க்கைக் குறிப்புகள்' உண்டு. ஒடுக்கப்பட்டோரின் உரிமைக் குரலை இலண்டன் வட்டமேசை மாநாட்டில் எழுப்பிய இரட்டைமலை சீனிவாசன் 1939இல் எழுதிய 'ஜீவிய சரித்திர சுருக்கம்' மிகச் சிறு நூல். நம் ஊரிலிருந்து பெங்களூர் சேருமுன் படித்து முடிக்கலாம். ஒரு சிற்றூர்ப் பெண்ணின் வளர்ச்சியைப் பேச்சுத் தமிழிலேயே சொல்லும் பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. கல்லூரி செல்லும் நம் பெண்களுக்கு உகந்தது. இவற்றுள் பெரிய நூலுக்கும் ஒரு பொன்னாடையின் விலைதான் ஆகும். போர்த்திய ஆடை பெட்டிக்குள் போகும். படித்த நூல் பக்கத்து வீட்டுக்குப் போகும்.

மலிவு விலையில் அறிவைப் பரப்புவது தங்கவயலுக்குப் புதிதன்று. பண்டிதர் அயோத்திதாசர் 1907இல் சென்னையில் தொடங்கிய வார இதழ், 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயரிலேயே எளியோரின் காசைத் தாங்கி வந்தது. அவருடைய பௌத்த சங்கத்திற்கு மாரிக்குப்பத்திலும் சாம்பியனிலும் கிளைகள் இருந்தன. அவர் 1914இல் மறைந்த பின்னர், அவருடைய நூல்களை அச்சிட்டுக் காத்தது இந்தத் தங்கவயலின் சித்தார்த்த புத்தகசாலை. 1926ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் ஜி. அப்பாதுரையார் 'தமிழன்' இதழை இங்கிருந்தே நடத்தினார். பகலெல்லாம் பாறையை உடைத்தவர்கள் இரவில் விளக்கடியில் கூடி, ஒருவர் படிக்க மற்றவர் கேட்டனர். அவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நாம், நின்றுபோகும் கடிகாரத்திற்குத் தோட்டை அடகு வைக்கின்றோம்!

இறுதியாக ஒன்று சொல்லுதல் வேண்டும். இதனைச் சொல்லவே யாம் மேடையேறினோம்.

எம் தந்தையார் சுரங்கத்தில் இருபத்தேழு ஆண்டுகள் உழைத்தவர். அவருடைய அறுபதாம் ஆண்டு நிறைவுக்குப் பட்டுத் துண்டு ஒன்றும், மணியை வாயால் சொல்லும் கடிகாரம் ஒன்றும் அளித்தோம். அவர் அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடு தம்பி" என்றார். "இந்த வயதில் என்ன கணக்கு எழுதப் போகிறீர்கள், அப்பா?" என்று சிரித்தோம். அவரும் சிரித்தார், மறுமுறை கேட்கவில்லை. யாமும் வாங்கவில்லை.

அவர் மறைந்த பின் அவர்தம் தகரப் பெட்டியைத் திறந்தோம். கிழித்த நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில், நுணுக்கி நுணுக்கிப் பதினொரு தாள்கள் எழுதியிருந்தார். முதன்முதலாகக் கூண்டில் இறங்கிய நாள், காது அடைத்த அந்த நொடி, ஆழத்தின் வெப்பம், பாறை வெடிப்பில் தம் அருகே நின்ற நண்பர் மாண்ட நாள், இவை யாவும் அதில் இருந்தன. அந்த நண்பர் இறங்குமுன், "சம்பளத்தன்று பாப்பாவுக்குச் சிலேட்டு வாங்க வேண்டும், நினைவூட்டு" என்று எம் தந்தையாரிடம் சொன்னாராம். பன்னிரண்டாம் தாள் இல்லை. பதினொன்றாவது ஒரு சொல்லின் நடுவே நின்றுவிட்டது.

அந்தப் பாப்பா இன்று எமக்கு அக்காள் முறை. எம் எதிர் வரிசையில் வாழ்கிறார். தந்தையின் முகமே நினைவில்லாதவர். அத்தாளை யாம் படித்துக் காட்டியபோது அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எங்கள் அப்பா என்னைப் பற்றிப் பேசினார் என்று எனக்கு யாரும் சொன்னதே இல்லை, தம்பி" என்றார். அத்தாளின் படி ஒன்றைக் கேட்டு வாங்கிச் சென்று, சாமி படத்தின் பின்னே வைத்துக்கொண்டார்.

தோழர்களே! அந்த நோட்டுப் புத்தகத்தின் விலை அன்று இருபது ரூபாய். அதனை வாங்கியிருந்தால் இன்னும் எத்தனை பேருக்கு எத்தனை செய்தி கிடைத்திருக்குமோ! 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் சென்ற சுரங்கத்தில் உழைத்தவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். கல்தூசி அவர்தம் நுரையீரலைத் தின்றது. எஞ்சியோர் நம் வீட்டுத் திண்ணைகளில் இருமிக்கொண்டு அமர்ந்திருக்கின்றனர். எத்தனை டன் பொன் எடுத்தோம் என்பதற்கு ஏடு உண்டு. எடுத்தவர் வாழ்ந்த வாழ்வுக்கு ஏடு எங்கே?

எனவே இச்சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு முதல் குழந்தைகளுக்குப் பளபளக்கும் நெகிழிக் கோப்பைகளை விடுத்து, ஒரு வாழ்க்கை வரலாற்று நூலும் ஓர் உருப்பெருக்குக் கண்ணாடியும் பரிசாக அளியுங்கள். வீட்டுக்கு வீடு முதியோருக்கு ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் கொடுங்கள். எழுத இயலாதோர் பேசட்டும். குரலைப் பதியும் கருவி பிள்ளைகளின் கைப்பேசியிலேயே உள்ளது. அதற்குத் தனியே காசு இல்லை. பேரன் கேட்கட்டும், பேத்தி எழுதட்டும். ஆண்டு மலரில் ஆண்டுக்கு ஒருவர் கதையேனும் அச்சேறட்டும்.

இன்று விழா முடிந்து வீடு திரும்பியதும், பெரியவர் ஒருவர் அருகில் அமர்ந்து, "நீங்கள் முதன்முதலாக இறங்கிய நாளைச் சொல்லுங்கள், தாத்தா" என்று கேளுங்கள். கேட்பதும் ஒரு பரிசுதான். யாம் கொடுக்கத் தவறிய பரிசு அது.